இடவப்பாதியைத் தாண்டும் விளக்கு

கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் தாலுகாவில் வானம் ஒன்றல்ல, இரண்டு. ஜூனில் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, இறங்கிவிட்டால் மூணாறும் இடமலைக்குடியும் நாள்கணக்கில் சூரியனைப் பார்க்காது. கிழக்கே மலையைத் தாண்டினால் மறையூரும் சின்னாறும் மழை மறைவுப் பகுதி. அதே நாளில் அங்கே வெயில் காயும். அவர்களுக்கு நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆனால் வீட்டுச் சோலார் விளக்கு கொடுப்பவர்கள் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பெட்டியைத்தான் கொண்டுவந்து இறக்குகிறார்கள். சின்னாறு பக்கம் ஐந்து வருடம் எரிகிற அதே விளக்கு, மேற்கே ஒரு மழைக்காலம் தாண்டுவதில்லை.

கேரளத்தில் எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் கிடைத்துவிட்டதாக 2017-இல் அறிவித்தார்கள். ஆனாலும் காட்டுக்குள் இருக்கும் குடிகளுக்கு (பழங்குடி ஊர்களுக்கு) கம்பி இழுப்பது இன்றும் லேசான வேலை இல்லை. கம்பி போன இடத்திலும் மழையில் மரம் சாய்ந்தால் கரண்ட் வர நாலைந்து நாள் ஆகிவிடுகிறது. அந்த நாலைந்து நாளில்தான் விளக்கு மிகவும் தேவை. ராத்திரி வெளியே கால் வைக்குமுன் வாசலில் யானை நிற்கிறதா என்று பார்க்க வெளிச்சம் வேண்டும். வெளிச்சத்தை லூமனில் அளப்பார்கள். சிமினி விளக்கின் திரி தருவது ஏறக்குறைய 10 லூமன். 3 வாட் நல்ல எல்இடி பல்பு 300 லூமன் தரும், புகை கிடையாது, கூரையில் தீப்பிடிக்கும் பயமும் கிடையாது.

முதலில் கணக்கு. வாட்டை எரியும் மணி நேரத்தால் பெருக்கினால் வாட்-மணி. அடுப்படிக்கு 5 வாட் பல்பு 4 மணி நேரம், பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு இன்னொரு 5 வாட் 4 மணி நேரம், திண்ணைக்கு 1 வாட் விளக்கு விடிய விடிய 10 மணி நேரம், போன் சார்ஜுக்கு 10 வாட்-மணி. கூட்டினால் நாளுக்கு 60 வாட்-மணி. இதை அப்படியே பேனலுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. பேனலிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் கண்ட்ரோலர். அதில் சாதாரண பிடபிள்யூஎம் வகை, பேனலின் 17.5 வோல்ட்டைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கிறது. அங்கேயே கால்வாசி போய்விடும். பேட்டரியிலும் ஒயரிலும் தூசியிலும் போவது தனி. ஆகவே 60-ஐ 0.6-ஆல் வகுத்து, பேனல் நாளுக்கு 100 வாட்-மணி தர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மேற்குப் பக்கம் முழு வெயிலுக்குச் சமமாக 2.5 மணி நேரம் கிடைக்கும் என்று எடுத்தால் 40 வாட் பேனல் வேண்டும். சின்னாறு பக்கம் 4 மணி நேரம் என்று எடுத்தால் 25 வாட் போதும், கடையில் 30 கிடைக்கும்.

பேட்டரிக் கணக்கில்தான் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள், அதுதான் பெரிய தவறு. வெயிலே இல்லாமல் மூன்று நாள் தாங்க வேண்டுமானால் 180 வாட்-மணி இருப்பு வேண்டும். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. அப்படியானால் 360 வாட்-மணி, அதாவது 12 வோல்ட்டில் 30 ஆம்பியர்-மணி. 40 ஆம்பியர்-மணி டியூபுலர் (குழாய்த் தகடு வைத்த லெட்-ஆசிட்) பேட்டரி வாங்குங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 80 சதவீதம் வரை எடுக்கலாம். 12.8 வோல்ட், 18 ஆம்பியர்-மணி போதும், தோளில் சுமந்துபோகும் எடைதான். ஜீப் போகாத குடிக்கு நாங்கள் லித்தியத்தையே சொல்வோம். முதலில் காசு கூட ஆகும், ஆனால் டிஸ்டில்ட் வாட்டர் சுமக்கும் வேலை அதோடு தீர்ந்தது. பணம் பற்றாவிட்டால் ஒரு பல்பைக் குறையுங்கள், பேட்டரியைக் குறைக்காதீர்கள்.

பேட்டரி தானாகச் சாவதைவிட நாமே கொல்வதுதான் அதிகம். கண்ட்ரோலர் 11.1 வோல்ட் அளவில் விளக்கை நிறுத்திவிடும். அது கோளாறு இல்லை, காவல். மூன்று நாள் மூடலுக்குப் பிறகு விளக்கு அணைந்ததும் யாராவது ஒருவர் கண்ட்ரோலரை விட்டுவிட்டு டிவியையோ ஸ்பீக்கரையோ நேரே பேட்டரியில் மாட்டுவார். அன்றைக்கு ஓடும். வெறும் பேட்டரி இரண்டு வாரம் அப்படியே கிடந்தால் ஈயத் தகட்டில் சல்பேட் கெட்டியாகப் படிந்து, பிறகு எவ்வளவு வெயில் அடித்தாலும் சார்ஜ் ஏறாது. இந்த ஒன்றை வீட்டுக்காரர்களுக்கு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, மாட்டுகிற அன்றே விளக்கிச் சொல்ல வேண்டும்.

லெட்-ஆசிட் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதிலும் கவனம் வேண்டும். ஓடைத் தண்ணீர் கண்ணுக்குப் பளிங்காக இருந்தாலும் அதில் உப்பும் இரும்பும் கரைந்திருக்கும். டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான், அதுவும் மேல்கோடு வரைதான். ஆசிட் ஊற்றவே கூடாது. லித்தியத்துக்கு வேறு எச்சரிக்கை உண்டு. கண்ட்ரோலரில் பேட்டரி வகையை மாற்றி வைக்காவிட்டால் லெட்-ஆசிட் முறையில் 14.6 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிவிடும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யவும் கூடாது. தை மாதத்தில் உறைபனி விழும் மேட்டில் பேட்டரியை வெளித் திண்ணையில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள், அடுப்புக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம்.

பேனலைத் தெற்குப் பார்த்து வைக்கச் சொல்வார்கள். சரிதான், ஆனால் எவ்வளவு சாய்ப்பது? இந்தப் பகுதி ஏறக்குறைய 10 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் உச்சியைத் தாண்டி வடக்கே போகும் சூரியன் ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பி வருகிறது. ஆக, இடவப்பாதி முழுக்கச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. 30 டிகிரி சாய்த்துத் தெற்கே திருப்பிய பேனல், வெயிலே குறைந்த மாதங்களில் அந்தக் கொஞ்ச வெயிலுக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். 10 முதல் 15 டிகிரி போதும், மழைத் தண்ணீர் தூசியைக் கழுவிக்கொண்டு ஓடும் அளவு. மலையில் காலை தெளிந்திருக்கும், மத்தியானத்துக்கு மேல் மேகம் ஏறும். எனவே தென்கிழக்காகச் சற்றே திருப்புவது நல்லது. ஆனால் கிழக்கே உயர்ந்த முகடு இருந்தால் அது பயன்படாது. வெயில் எத்தனை மணிக்கு முற்றத்துக்கு வருகிறது என்று வீட்டிலுள்ள பாட்டியிடம் கேட்டுவிட்டு கம்பத்துக்குக் குழி தோண்டுங்கள்.

நிழலைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பேனலில் 36 செல்கள் சங்கிலி போல ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. ஒரு செல்லின் மேல் சில்வர் ஓக் இலை ஒன்று ஒட்டிக்கொண்டாலே சங்கிலி முழுவதும் தளரும். கூரையில் வைப்பதைவிட முற்றத்தில் ஒன்றரை அங்குல ஜிஐ குழாயில் ஆள் உயரத்துக்கு மேல் வைத்தால் துடைக்க வசதி. ஒயரைக் குழாய்க்குள் விடுங்கள், குரங்கு இழுக்கும், எலி கடிக்கும். பேனலுக்கும் கண்ட்ரோலருக்கும் 10 மீட்டர் இருந்தால் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போடுங்கள். போக வர 20 மீட்டரில் 2.2 ஆம்பியருக்கு 0.33 வோல்ட்தான் இழப்பு. 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அது 0.8 வோல்ட் ஆகும். மூடலான நாளில் பேட்டரி நிரம்பாமலே போக அது காரணமாகலாம்.

மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல், கடைசியில் விளக்கு. கழற்றும்போது தலைகீழாக. பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் மாட்டினால் கண்ட்ரோலருக்கு 21 வோல்ட் நேராகப் போகும், சில கண்ட்ரோலர் அங்கேயே போய்விடும். பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டி 5 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். சித்திரைக் கோடை மழையிலும் துலா (ஐப்பசி) மழையிலும் இடி கடுமை. கம்பத்தை எர்த் செய்யுங்கள். வானம் கறுக்கும்போதே, இடி கேட்பதற்கு முன் பேனல் ஒயரைக் கழற்றிவிடுவது இன்னும் நல்லது, இடி கேட்டபின் கம்பத்துக்குப் பக்கத்திலேயே போக வேண்டாம்.

சந்தையில் விற்கும் கையடக்க லாந்தரில் ஏமாறாமல் இருக்க ஒரு வழி. உள்ளே இருப்பது பெரும்பாலும் 18650 என்ற உருளை செல். எவ்வளவு நல்ல செல்லானாலும் ஏறக்குறைய 3500 மில்லிஆம்பியர்-மணிக்கு மேல் கொள்ளாது, எடை 45 கிராமைச் சுற்றி இருக்கும். ஒரே செல் வைத்துவிட்டு 10,000 என்று அச்சடித்திருந்தால் பொய். பேனலின் மேல் கண்ணாடி இருக்கிறதா என்று நகத்தால் தட்டிப் பாருங்கள். பிசின் பூச்சு மட்டும் என்றால் இரண்டு வெயிலில் மஞ்சளடிக்கும். வெராசோல் தரச்சோதனையில் தேறிய பொருள் கிடைத்தால் அதை எடுங்கள். உலக வங்கிக் குழுமத்தின் லைட்டிங் குளோபல் நடத்திய சோதனைப் பணியை 2020-இல் ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. திண்ணை பல்பு மஞ்சள் ஒளியாக இருக்கட்டும். வெள்ளை ஒளிக்குப் பூச்சி அதிகம் வரும், பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குப் பின்னால் பாம்பு வரும்.

பணம் எப்படி வாங்குவது என்பதில்தான் உலகமெங்கும் திட்டங்கள் நின்றதும் விழுந்ததும். வங்கதேசத்தில் இட்கால் என்ற அரசு நிதி நிறுவனம் 2003-இல் தொடங்கிய திட்டத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தவணையில் சோலார் போனது. தவணை வசூலிக்க வந்தவரே பேட்டரியையும் பார்த்துவிட்டுப் போனார். பின்னால் மின்கம்பியும் இலவச சோலாரும் ஒருசேர வந்தபோது தவணை கட்டுவது தளர்ந்தது. கென்யாவில் 2012 முதல் எம்-கோபா நிறுவனம் செல்போன் வழியாகத் தினமும் சிறு தொகை வாங்கிக்கொண்டு விளக்கு கொடுத்தது. கர்நாடகத்தில் 1995-இல் செல்கோ என்ற சோலார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹரீஷ் ஹந்தேவுக்கு 2011-இல் மகசேசே விருது கிடைத்தது, ஏழை வீட்டின் வரும்படிக்கு ஏற்றபடி கடனை அமைத்துக் காட்டியதும் அதற்கு ஒரு காரணம். இங்கே மாதத் தவணை பொருந்தாது. மறையூரில் கரும்பு வெட்டி வெல்லம் காய்ச்சும்போது காசு வரும், வட்டவடையில் பூண்டு பிடுங்கும்போது, ஏலத்தோட்டக் கூலிக்கு வாரச் சனிக்கிழமை. தவணையும் அந்தந்த நாளில் வர வேண்டும்.

இலவசமாகக் கொடுத்தாலும் பராமரிப்புக்கென்று வீட்டுக்கு வாரம் ஒரு சிறு தொகை சேர வேண்டும். கேரளத்துப் பெண்களின் சுயஉதவிக் குழுவான குடும்பஸ்ரீ அயல்கூட்டம் ஏற்கெனவே சேமிப்பு வசூலிக்கிறது, அதோடு இதையும் தனிக்கணக்காக எழுதலாம். அந்தப் பணம் அடுத்த பேட்டரிக்கு. பேனல் 25 வருடம் நிற்கும், டியூபுலர் பேட்டரி நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாலைந்து வருடம். ஆக ஒரு பேனலின் காலத்தில் ஐந்தாறு பேட்டரி வாங்க வேண்டியிருக்கும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நியாயம். பழைய பேட்டரியை ஆசிட்டைக் கொட்டி உடைத்து விற்க விடாதீர்கள், ஓடை கெடும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரிப்பது தயாரித்தவரின் பொறுப்பு. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிட்டு விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

குடியில் இரண்டு பேருக்காவது, ஒருவர் பெண்ணாக இருந்தால் மிகவும் நல்லது, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். ஆண்கள் கூலிக்குப் போனபின்னும் வீட்டில் ஆள் இருக்கும். விளக்கு எரியாவிட்டால் முதலில் ஃபியூஸ், அடுத்துப் பேட்டரி முனையில் பச்சைப் படிவு, பிறகு விடியற்காலையில் பேட்டரி வோல்ட்டேஜ். லெட்-ஆசிட்டில் 12.7 என்றால் நிறைவு, 12.2 பாதி, 11.8 காலி. லித்தியம் இப்படிப் படிப்படியாக இறங்காது. 13-ஐச் சுற்றியே நின்றுவிட்டுக் கடைசியில் சட்டென்று விழும். நல்ல வெயிலில் பேனலைத் தனியே கழற்றி அளந்தால் 20 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும்.

ஒரு தகரப்பெட்டியில் 5 ஆம்பியர் ஃபியூஸ் பத்து, பல்பு இரண்டு, ஒரு கண்ட்ரோலர், இன்சுலேஷன் டேப், முனையில் தடவ வாசலின், டிஸ்டில்ட் வாட்டர் கேன். வைகாசி பிறந்த வாரமே அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். பேனலைத் துடைத்து, முனையைச் சுரண்டி, போன வருடத்துக்குப் பின் வளர்ந்து நிழல் விழவைக்கும் கிளையை மழைக்கு முன்பே கழித்துவிட வேண்டும்.