அடுத்தவர் கோப்பில் ரூட்டாகக் கை வைக்கும் ஸ்கிரிப்ட்

சர்வரில் பயனர்கள் எல்லோருக்கும் எஸ்எஸ்ஹெச் சாவி (தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவுவது) சேர்க்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். எல்லா உரிமையும் உள்ள நிர்வாகக் கணக்கான ரூட்டாக ஓடும்; ஒவ்வொருவரின் ஹோம் டைரக்டரிக்குள்ளும் போய் அனுமதிக்கப்பட்ட சாவிகளின் பட்டியலான ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில் ஒரு வரி சேர்க்கும். பிழை எதுவும் காட்டாமல் ஓடி முடிந்தது. மறுநாள் புதிதாகச் சேர்ந்தவர்களால் மட்டும் உள்ளே நுழைய முடியவில்லை.

பழையவர்களிடம் கோப்பு ஏற்கெனவே இருந்ததால் வரி மட்டும் சேர்ந்தது. புதியவர்களுக்கோ கோப்பே அப்போதுதான் உருவானது, ரூட் பெயரில், உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடிகிற 600 அனுமதியோடு. எஸ்எஸ்ஹெச் சர்வர் அந்தக் கோப்பைப் பயனரின் உரிமையில்தான் திறக்கும். ரூட்டின் 600 கோப்பை அவர் எப்படிப் படிப்பார்?

அவசரத்தில், உரிமையாளரை மாற்றும் சௌன் கட்டளையைக் கடைசி வரியாகச் சேர்த்தேன். அதுதான் பெரிய தவறு.

அந்த டைரக்டரி பயனருடையது. கோப்பை நீக்கிவிட்டு, அதே பெயரில் /எட்சி/ஷேடோவைக் காட்டும் சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) ஒன்றை அவர் வைத்துவிட முடியும். சௌன் இயல்பாகவே லிங்க்கைப் பின்தொடரும். கடவுச்சொல் ஹேஷ்கள் (கடவுச்சொற்களின் உருமாற்றிய வடிவங்கள்) இருக்கும் அந்த ஷேடோ கோப்பு அப்படியே அவர் கைக்குப் போய்விடும். முதலில் லிங்க்கா என்று சோதித்தால் போதாதா? போதாது. சோதனைக்கும் எழுதுவதற்கும் நடுவில் மாற்றிவிடலாம்; கோப்பு சரியாக இருந்து, அது இருக்கும் டைரக்டரியே லிங்க்காகவும் இருக்கலாம்.

சரி, என்ன செய்வது? அந்தப் பயனராகவே மாறி எழுத வேண்டும். கட்டளையை வேறொருவராக ஓட்டும் சூடோவின் யூ ஆப்ஷனில் அவர் பெயரைக் கொடுத்தால், கோப்பு அவர் பெயரிலேயே உருவாகும். ஷேடோவுக்கு லிங்க் வைத்திருந்தாலும் இயங்குதளத்தின் மையமான கெர்னல் எழுத விடாது.

இங்கே இரண்டு இடத்தில் பலரும் இடறுகிறார்கள். சூடோ வரியின் கடைசியில் >> என்ற, கோப்பின் முடிவில் சேர்க்கும் குறியைப் போட்டால், கோப்பைத் திறப்பது சூடோ அல்ல, அதை அழைத்த ஷெல். ஸ்கிரிப்ட் ரூட்டாக ஓடினால் எழுதுவதும் ரூட்தான். பழைய ஆபத்து அப்படியே இருக்கும். ஹோம் டைரக்டரியைக் குறிக்கும் ~ குறியும் அப்படித்தான்: முன்கூட்டியே விரிந்து ரூட்டின் ஹோமைக் காட்டும். நான் இப்போது சாவியை ரூட்டாகப் படித்து, பைப் வழியாக, பயனராக ஓடி, வந்ததைக் கோப்பில் எழுதும் டீ கட்டளைக்கு, முடிவில் சேர்க்கச் சொல்லும் ஏ ஆப்ஷனோடு கொடுக்கிறேன். ஹோம் பாதையை, பயனர் விவரங்களைக் காட்டும் கெட்என்ட் கட்டளை சொல்வதிலிருந்து எடுக்கிறேன்.

அப்புறம், பழைய ஸ்கிரிப்ட் ஓடிய சர்வர்களில் ஹோம்களுக்குள் ரூட் பெயரில் கிடக்கும் கோப்புகளை ஃபைண்ட் கட்டளையால் தேடிப் பாருங்கள். பட்டியல் வந்ததும் மொத்தமாக சௌன் அடிக்காமல், ஒவ்வொன்றும் அங்கே எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள்.