'சரி'ன்னா சம்மதமா? ஒரு இன்டர்ப்ரெட்டர் படிச்ச 1868 ஒப்பந்தம்

நான் இன்டர்ப்ரெட்டர் வேலை பாக்கறேன். அமெரிக்காவுல ஆஸ்பத்திரியிலயோ கோர்ட்டுலயோ தமிழ் மட்டும் தெரிஞ்ச ஒருத்தர் வந்து உக்காந்தா எனக்கு கால் வரும், நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திச் சொல்லணும், அவ்வளவுதான். அந்தக் காலத்துல துபாஷின்னு சொன்னாங்களே அதே வேலை, அந்த வசதி வாய்ப்பு மட்டும் கிடையாது.

சேர்ந்த புதுசுல ஒரு தப்பு பண்ணேன். ஒரு வயசான அம்மாவுக்கு ஆபரேஷன், டாக்டர் அதுல என்னென்ன ரிஸ்க்னு ஒவ்வொண்ணா சொல்றார், நான் தமிழ்ல சொல்லச் சொல்ல அவங்க "சரி... சரி..."ன்னு கேட்டுக்கிட்டே வர்றாங்க, நானும் ஒவ்வொரு சரிக்கும் அந்தப் பக்கம் "எஸ்" போட்டுக்கிட்டே வர்றேன். கடைசியில கையெழுத்துக்கு பேப்பரை நீட்டினதும் அவங்க கேட்டாங்க, "எதுக்கு தம்பி கையெழுத்து? என் மகனே இன்னும் வரல, நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?" அவங்க சொன்ன சரிக்கு "கேட்டுட்டு இருக்கேன், மேல சொல்லு"ன்னு அர்த்தம். தமிழ்நாட்டுல பொறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா என்ன, ஆனா அந்த நேரத்துல வாய் பாட்டுக்கு எஸ் சொல்லிடுச்சு. டாக்டர் நல்ல மனுஷன், மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சார்.

அதுக்கப்புறம் எந்தப் பழைய ஒப்பந்தத்தைப் பார்த்தாலும் அதுல என்ன எழுதியிருக்குன்னு பாக்கறதுக்கு முன்னாடி, நடுவுல நின்னு பேசினவன் யாருன்னுதான் தேடுவேன். அப்படித் தேடும்போது என்னை உக்கார வெச்சது நவஹோங்கற அமெரிக்கப் பழங்குடி மக்களும் அமெரிக்க அரசும் 1868 ஜூன் 1 அன்னைக்கு கையெழுத்து போட்ட ஒப்பந்தம். நவஹோ மொழியில அதுக்கு நால்ட்சூஸ் சானின்னு பேரு, பழைய காகிதம்னு அர்த்தம்.

கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். 1863-64ல அமெரிக்க ராணுவ ஜெனரல் கார்ல்டன் உத்தரவுல கிட் கார்சன் படையோட போய் நவஹோ நிலத்துல பயிரை எரிச்சு, ஆட்டைக் கொன்னு, மக்களைப் பட்டினி போட்டு சரணடைய வெச்சார். கேன்யன் டி ஷேங்கற பள்ளத்தாக்குல தலைமுறையா வளர்த்த பீச் மரங்களைக்கூட ஆயிரக்கணக்குல வெட்டிப் போட்டாங்க. அப்புறம் ஜனங்களை 300 மைலுக்கும் மேல நடக்க வெச்சு நியூ மெக்சிகோவோட கிழக்குப் பக்கம் பெகோஸ் ஆத்தங்கரையில போஸ்கே ரெடோண்டோங்கற இடத்துக்குக் கொண்டு போனாங்க. 8,000 பேருக்கு மேல அங்க அடைபட்டுக் கிடந்தாங்க. ஆத்துத் தண்ணி உவர்ப்பு, குடிச்சா வயித்துக்கு ஆகாது, மக்காச்சோளம் போட்டா வருஷா வருஷம் புழு, அடுப்புக்கு விறகு வேணும்னா மைல் கணக்குல நடக்கணும். நாலு வருஷத்துல சுமார் 2,000 பேர் செத்துப் போனாங்க. தண்ணி உவர்ப்புன்னு சொன்னேன் பாருங்க, அதை ஞாபகம் வெச்சுக்குங்க, 155 வருஷம் கழிச்சு அது சுப்ரீம் கோர்ட்டுக்கு வரும்.

1868 மே கடைசியில வாஷிங்டன்ல இருந்து ஜெனரல் ஷெர்மனும் சாமுவேல் டப்பனும் பேச வந்தாங்க. நவஹோ பக்கம் பேசினவர் பார்போன்சிட்டோ. நடுவுல ஒருத்தர் இல்ல, ரெண்டு பேர். பார்போன்சிட்டோ நவஹோவுல பேசுவார், அதை ஹெசூஸ் அர்விசோங்கறவர் ஸ்பானிஷ்ல சொல்லுவார், அந்த ஸ்பானிஷை ஜேம்ஸ் சதர்லேண்ட் இங்கிலீஷ்ல சொல்லுவார், அதுக்கப்புறம்தான் ஷெர்மன் காதுக்குப் போகும். பதில் அதே வழியில திரும்பி வரணும். எங்க தொழில்ல இதுக்கு ரிலேன்னு பேரு. இப்பவும் நடக்குது, குவாத்தமாலாவுல இருந்து மாம் மொழி மட்டும் பேசறவங்க இமிக்ரேஷன் கோர்ட்டுக்கு வந்தா மாம்ல இருந்து ஸ்பானிஷ், ஸ்பானிஷ்ல இருந்து இங்கிலீஷ். அப்படி ஒரு கேஸை நான் உக்காந்து பார்த்திருக்கேன், ஒரு மனுஷன் ரெண்டு நிமிஷம் மூச்சு விடாம பேசினார், கடைசியில இங்கிலீஷ்ல வந்து சேர்ந்தது ஒரே ஒரு வரி.

பார்போன்சிட்டோ பேசினதெல்லாம் எழுதி வெச்சிருக்காங்க. நவஹோ மக்களைப் படைச்சப்போ நாலு மலையும் நாலு ஆறும் காட்டி அதுக்குள்ளதான் வாழணும்னு சொல்லியிருக்கு, அந்த ஆத்தைத் தாண்டி வந்ததாலதான் இவ்வளவு சாவுன்னு அவர் சொல்றார். ஷெர்மன் முதல்ல இப்போ ஓக்லஹோமா இருக்கற பக்கம் போறீங்களான்னு கேக்கறார், அதுக்கு இவர், என் சொந்த நாட்டைத் தவிர வேற எங்கேயும் போகச் சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கறார். இதைத்தான் அவர் சொன்னாருன்னு நாம படிக்கிறோம், ஆனா அது அர்விசோவோட ஸ்பானிஷ், அப்புறம் சதர்லேண்டோட இங்கிலீஷ், இப்போ என்னோட தமிழ். அவர் வாயில இருந்து வந்த வார்த்தை என்னவா இருந்திருக்கும்னு யோசிச்சா எனக்குத் தூக்கம் வராது.

ஊருக்குத் திரும்பிப் போக ஷெர்மன் ஒத்துக்கிட்டார், ஆனா ஒரு எல்லைக்கோடு கண்டிப்பா இருக்கணும்னார். காகிதத்துல அந்த எல்லை எப்படி எழுதியிருக்குன்னா வடக்கே 37-வது அட்சரேகை, தெக்கே பழைய ஃபோர்ட் டிஃபையன்ஸ் வழியா ஒரு கிழக்கு-மேற்குக் கோடு, மேற்கே தீர்க்கரேகை 109 டிகிரி 30 நிமிஷம். இதைக் கொஞ்சம் தொழில்காரனா யோசிச்சுப் பாருங்க. அட்சரேகைங்கறதை ஸ்பானிஷ்ல சொல்லிடலாம், அதை மலையும் ஆறும் வெச்சு நாட்டை அளக்கற ஒரு மொழியில அர்விசோ எப்படிச் சொல்லியிருப்பார்? கேட்டவங்க மனசுல நாலு மலை. எழுதினவங்க பேப்பர்ல ஒரு பெட்டி, சுமார் 35 லட்சம் ஏக்கர், அந்த நாலு மலையில ஒண்ணுகூட அதுக்குள்ள இல்ல. ஜனங்க திரும்பி வந்து கோட்டைப் பத்திக் கவலைப்படாம பழைய இடத்துலயே ஆடு மேய்ச்சாங்க, 1878ல இருந்து ஜனாதிபதி உத்தரவு மேல உத்தரவு போட்டு எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமா பெருசாக்க வேண்டியதாப் போச்சு.

29 நவஹோ தலைவர்கள் ஒத்துக்கிட்டதா பேர் இருக்கு, கிட்டத்தட்ட எல்லார் பேருக்குப் பக்கத்துலயும் கையெழுத்துக்குப் பதிலா ஒரு எக்ஸ். மொத்தம் 13 ஷரத்து. 15,000 ஆடு தர்றோம், விதை தர்றோம், ஆளுக்கு வருஷம் 5 டாலருக்கு மிகாம துணிமணி தர்றோம், ரயில் பாதை போட்டா தடுக்கக்கூடாது, 6ல இருந்து 16 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களைக் கட்டாயம் ஸ்கூலுக்கு அனுப்பணும். இந்தக் கடைசி வரியைப் படிக்கும்போது நல்லாத்தான் இருக்கு. பின்னாடி வந்த போர்டிங் ஸ்கூல்ல நவஹோ பேசினா பிள்ளைங்களை அடிச்சாங்க, அதே மொழியை வெச்சுத்தான் இரண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரனால உடைக்க முடியாத சங்கேத மொழி செஞ்சாங்க, அதுல முதல் பேட்ச்ல இருந்தவங்களும் 29 பேர்தான்.

இது ஏமாத்து வேலைன்னு மட்டும் சொல்லி முடிச்சுடாதீங்க, அந்தக் காகிதம் நவஹோ மக்களுக்கு ஆயுதமாவும் ஆச்சு. 1959ல வில்லியம்ஸ் எதிர் லீ வழக்குல, நவஹோ நிலத்துல கடை வெச்சிருந்த வெளியாள் கடன் பாக்கிக்காக ஒரு நவஹோ தம்பதி மேல அரிசோனா மாநில கோர்ட்ல கேஸ் போட்டப்போ, மாநில கோர்ட்டுக்கு அந்த அதிகாரம் இல்லன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதுக்கு இந்த ஒப்பந்தமும் ஒரு அஸ்திவாரம். அதோட அமெரிக்க சட்டத்துல ஒரு விதி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி. பழங்குடிகளோட போட்ட ஒப்பந்தத்துல அர்த்தம் தெளிவா இல்லன்னா, கையெழுத்து போட்ட அன்னைக்கு அவங்க அதை எப்படிப் புரிஞ்சுக்கிட்டிருப்பாங்களோ அப்படித்தான் படிக்கணும். அதாவது பேப்பரை மட்டும் பாக்காத, அவங்க காதுல என்ன விழுந்துதுன்னு பாருன்னு கோர்ட்டே சொல்லுது.

ஆனா தண்ணி விஷயத்துல அது கைகொடுக்கல. நவஹோ நாடுன்னு இப்போ சொல்ற அவங்க நிலத்துல இன்னைக்கும் கிட்டத்தட்ட மூணுல ஒரு வீட்டுல குழாய்த் தண்ணி கிடையாது, லாரியிலயும் பேரல்லயும் புடிச்சுட்டு வர்றாங்க. எங்க தண்ணி உரிமை எவ்வளவுன்னு பார்த்து அதை வாங்கித்தர அரசு நடவடிக்கை எடுக்கணும்னு போன கேஸ்ல 2023 ஜூன் 22 அன்னைக்கு 5க்கு 4ன்னு தீர்ப்பு வந்துச்சு. நீதிபதி கவனா எழுதின தீர்ப்பு, தண்ணி மேல உரிமை இருக்கு, ஆனா அதுக்காக அரசு இறங்கி வேலை செய்யணும்னு 1868 ஒப்பந்தத்துல எங்கேயும் இல்லன்னுது. மாற்றுத் தீர்ப்பு எழுதின கோர்ஸச், உவர்ப்புத் தண்ணியில நாலு வருஷம் கஷ்டப்பட்ட ஜனங்களுக்கு நிரந்தர வீடு தர்றோம்னு சொன்னா அதுல தண்ணியும் சேர்த்தின்னுதானே புரிஞ்சிருப்பாங்கங்கற பக்கம் நின்னார். நான் வக்கீல் இல்ல. ஆனா தண்ணியால செத்தவங்க முன்னாடி நின்னு வீடுங்கற வார்த்தையை மொழிபெயர்க்கச் சொன்னா, தண்ணி இல்லாத வீடுன்னு எந்த இன்டர்ப்ரெட்டருக்கும் தோணாது.

இதைப் படிக்கற நம்ம ஆளுங்களுக்கு, குறிப்பா பசங்களைப் பாக்க அமெரிக்கா வர்ற பெரியவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அரசு நிதி வாங்கற ஆஸ்பத்திரியில இன்டர்ப்ரெட்டர் கேட்டா ஃப்ரீயா தரணும், அது சட்டம், கேக்கறதுல கூச்சமே வேணாம். பேரப்பிள்ளைதான் இருக்கானேன்னு அவனை நடுவுல உக்கார வெக்காதீங்க, பத்து வயசுப் பையனுக்கு கேன்சருங்கற வார்த்தையைத் தன் பாட்டிகிட்ட சொல்லத் தெரியாது, சொல்லவும் கூடாது. புரியலைன்னா "சரி"ன்னு சொல்லாம "புரியல"ன்னே சொல்லுங்க. கையெழுத்துக்கு முன்னாடி, நீங்க என்ன புரிஞ்சுக்கிட்டீங்கன்னு உங்க வாயால ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க, அதை நான் அந்தப் பக்கம் சொல்றேன், தப்பு இருந்தா அங்கேயே தெரிஞ்சுடும்.

ஒப்பந்தத்துல ஒரு பிரதி வாஷிங்டன்ல இருக்கு. டப்பன் எடுத்துட்டுப் போன பிரதி மாசசூசெட்ஸ்ல அவர் சொந்தக்காரங்க வீட்டுப் பரண்ல கிடந்து 2019ல நவஹோ மக்கள் கைக்கே வந்துடுச்சு. பார்போன்சிட்டோ பிரதியை அவரோடயே புதைச்சுட்டாங்கன்னு சொல்றாங்க. என் யோசனை எல்லாம் அர்விசோ மேலதான் போகுது. அவர் பொறப்புல நவஹோ இல்ல, மெக்சிகோக்காரர், சின்னப் பையனா இருக்கும்போது அப்பாச்சிகள் புடிச்சுட்டு வந்து நவஹோ மக்கள்கிட்ட மாத்திக் கொடுத்துட்டாங்க, அப்படித்தான் அந்த மொழி வந்துச்சு. பேச்சுவார்த்தை முடிஞ்சதும் அவர் எங்கேயும் போயிடல, அவங்களோடயே இருந்துட்டார், அர்விசோங்கறது இன்னைக்கும் நவஹோ நாட்டுல குடும்பப் பேரா இருக்கு. நான் ஒரு கால் முடிஞ்சதும் கட் பண்ணிட்டு அடுத்த காலை எடுத்துடுவேன், அவர் தன் வாயால சொன்ன கோட்டுக்கு நடுவுலயே குடியிருந்தார்.