சொல்லுக்கு முன்னால் நிற்கும் 'இல்லை'

என் மாலை வகுப்புக்கு வரும் ஒரு பெண் போன மாதம் ஒரு நாள் அரை மணி நேரம் முன்பாகவே வந்து வாசலில் காத்திருந்தார். முகம் வாடியிருந்தது. அம்மாவுக்கு வயிற்றில் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது, ஆனால் டாக்டரைப் பார்க்க மறுநாள்தான் டோக்கன். கல்லீரல், மண்ணீரல், கணையம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே 'அன்ரிமார்க்கபிள்' என்று அச்சடித்திருந்தது. 'ரிமார்க்' என்ற சொல் அவருக்குத் தெரியும். அலுவலகத்தில் தினமும் ரிமார்க்ஸ் கட்டத்தை நிரப்புகிறவர் அவர். முன்னால் ஓர் 'அன்' இருக்கிறதே, அப்படியென்றால் கருத்துச் சொல்லக்கூட முடியாத அளவுக்கு நிலைமை மோசம் போல என்று அவராகவே பொருள் கொண்டு, முந்தைய இரவு முழுக்கத் தூங்காமல் கிடந்திருக்கிறார்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் அந்தச் சொல் வந்தால், தனியாகக் குறிப்பிட்டுச் சொல்லும்படி எதுவும் தென்படவில்லை என்று பொருள். அதாவது அந்த உறுப்பு இயல்பாக இருக்கிறது. இதைச் சொன்னேன். ரிப்போர்ட்டை நாமே படித்து முடிவு கட்டக் கூடாது, எதுவானாலும் நாளைக்கு டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அவர் அழுதுவிட்டார்.

பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. கடை ஊழியர்கள், நர்சுகள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், பெயின்டர்கள், வீட்டில் இருக்கும் பெண்கள் என்று எல்லோரும் வருகிறார்கள். நீளமான சொல்லைக் கண்டால் அவர்கள் நின்று நிதானமாகப் படிக்கிறார்கள். தடுக்குவது 'அன்', 'இன்', 'டிஸ்', 'நான்' என்ற இந்தச் சின்ன முன்னொட்டுகளில்தான்.

இதற்கு ஒரு காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தெரியும், தெரியாது. பிடித்த, பிடிக்காத. உப்புள்ள, உப்பில்லாத. தமிழில் மறுப்பு பெரும்பாலும் சொல்லின் கடைசியில்தான் வருகிறது. நம் காதும் கண்ணும் அங்கேதான் அதைத் தேடும். ஆங்கிலத்தில் அது சொல்லின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. வேகமாகப் படிக்கும்போது கண் அதைத் தாண்டிப் போய், பின்னால் இருக்கும் தெரிந்த சொல்லை மட்டும் பிடித்துக்கொள்கிறது. 'கீழ்க்கண்டவற்றில் இன்கரெக்ட் எது' என்ற கேள்விக்குச் சரியான வாக்கியத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதையே குறித்துவிட்டு வந்தவர்கள் என் வகுப்பில் பலர். விடை தெரிந்தும் மதிப்பெண் போகிறது. அதனால் கேள்வித்தாள் கைக்கு வந்ததும் இப்படிப்பட்ட முன்னொட்டுகளைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போடச் சொல்கிறேன். முப்பது வினாடி வேலைதான்.

ஆனால் முன்னால் வரும் மறுப்பு நமக்கு முழுக்கப் புதிதும் இல்லை. நீதி, அநீதி. சுத்தம், அசுத்தம். அவசியம், அநாவசியம். இவை சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொற்கள். மெய்யெழுத்துக்கு முன் 'அ', உயிரெழுத்துக்கு முன் 'அந்' என்று அந்த ஒட்டு மாறும். ஆங்கிலத்தின் 'அன்', லத்தீன் வழியாக வந்த 'இன்', கிரேக்கத்திலிருந்து வந்த 'அ', சமஸ்கிருதத்தின் 'அ' எல்லாமே இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் இருந்த ஒரே ஒட்டின் பிள்ளைகள். 'அனீமியா'வின் தொடக்கத்தில் இருப்பதும், 2020இல் கொரோனா வந்தபோது ஊரெல்லாம் பேசிய 'ஏசிம்ப்டமேட்டிக்'கின் தொடக்கத்தில் இருப்பதும் அதே ஒட்டுதான். அநீதியின் அகரத்தைக் காட்டி 'இன்ஜஸ்டிஸ்' சொல்லிக்கொடுத்தால் யாரும் மறப்பதில்லை.

'எனக்கு ஏபிசிடிகூடச் சரியாகத் தெரியாது' என்று கூச்சத்தோடு வருகிறவர்களிடம் முதல் நாள் நான் பாடம் எதுவும் எடுப்பதில்லை. தெருவில் பார்க்கிற சொற்களைச் சொல்லச் சொல்லிக் கரும்பலகையில் எழுதுவேன். நான்வெஜ், நான்ஸ்டிக் தவா, நான்ஸ்டாப் பஸ், நான்ஏசி ரூம், அன்லிமிடெட் மீல்ஸ், ரயிலில் அன்ரிசர்வ்டு பெட்டி, போனில் அன்லாக், 'ஓடிபி இன்வேலிட்', பேசிக்கொண்டிருக்கும்போதே டிஸ்கனெக்ட். பத்து நிமிடத்தில் பலகை நிறைந்துவிடும். அப்புறம் முன்னொட்டை மட்டும் அழித்துவிட்டு மிச்சத்தைப் படிக்கச் சொல்வேன். 'அன்லிமிடெட்'டில் 'அன்' போனால் 'லிமிடெட்'. லிமிடெட் ஸ்டாப் பஸ் தெரியுமே, எல்லா நிறுத்தத்திலும் நிற்காது. அப்போ லிமிடெட் என்றால் அளவோடு. இப்படி ஒன்று சொன்னால் இரண்டாகக் கையில் வருகிறது. நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லின் தலையில் ஓர் ஒட்டை வைப்பதும் எடுப்பதும்தான் இந்த முறை.

ஒட்டுகள் எத்தனையோ இருக்கின்றன என்று மலைக்க வேண்டாம். 1989இல் ஒயிட், சோவெல், யானகிஹாரா என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்கப் பள்ளிப் புத்தகங்களில் வரும் முன்னொட்டுச் சொற்களை எண்ணிப் பார்த்தார்கள். 'அன்', 'ரீ', 'இன்', 'டிஸ்' ஆகிய நான்கு மட்டுமே 58 விழுக்காட்டை எடுத்துக்கொண்டன. 'அன்' தனியாகவே 26 விழுக்காடு. இவற்றில் 'ரீ'யைத் தவிர மற்ற மூன்றும் மறுப்புதான்.

இனி நான் சொல்லப்போவது சில ஆசிரியர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். எதிர்ச்சொல் என்றதும் நடுவில் பெருக்கல் குறி போட்டு இரண்டு பக்கமும் சொற்களை எழுதிக்கொடுத்து, ஐம்பது ஜோடியை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். இரண்டு சொல்லும் புதிது என்றால் அது தப்பான வழி. 'பாரோ', 'லெண்ட்' என்ற ஜோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கடன் வாங்குவது, மற்றது கடன் கொடுப்பது. தமிழில் இரண்டுக்கும் 'கடன்' பொது, வினை மட்டும்தான் மாறும். இரண்டையும் ஒரே நாளில் படித்தவர்களுக்கு எது வாங்குவது, எது கொடுப்பது என்பது வருடக்கணக்கில் குழம்பிக்கொண்டே இருக்கிறது. பேனா கேட்க வருகிறவர் 'பாரோ மீ எ பென்' என்று கேட்பது இப்படித்தான். இரண்டு சொல்லும் நினைவில் இருக்கிறது, எது எந்தப் பக்கம் என்பதுதான் இல்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1993இல் டிங்க்கம், 1997இல் வாரிங் என்ற ஆய்வாளர்கள், பொருளால் ஒரே கூட்டத்தைச் சேர்ந்த புதுச் சொற்களை ஒன்றாகக் கற்பவர்கள், தொடர்பில்லாத சொற்களைக் கற்பவர்களைவிடத் திணறுவதைக் காட்டினார்கள். சொல் கற்றல் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்த நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன், எதிர்ச்சொற்களையும் சேர்த்து அறிமுகப்படுத்த வேண்டாம் என்கிறார். என் வகுப்பில் 'பாரோ' மட்டும் இரண்டு மூன்று வாரம் நடமாடும். நூலகப் புத்தகம், பக்கத்து வீட்டு ஏணி, பேனா என்று அதை வைத்தே பேசுவார்கள். அது நாக்கில் ஊறிய பிறகுதான் 'லெண்ட்' உள்ளே வரும். முன்னொட்டில் இந்தத் தொல்லை இல்லை. 'பாசிபிள்' ஏற்கெனவே வீட்டு ஆள் மாதிரி, 'இம்' மட்டும்தான் விருந்தாளி.

அது ஏன் 'இம்', 'இன்' இல்லையா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் பதில் அவர்களுக்கே தெரியும். மரத்தோடு 'கள்' சேர்ந்தால் ஏன் மரம்கள் என்று எழுதாமல் மரங்கள் என்கிறோம்? ஐந்தும் பத்தும் சேர்ந்தால் ஏன் ஐம்பது? அடுத்து வரும் ஒலிக்கு வாய் முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. பகரத்துக்கும் மகரத்துக்கும் உதடு மூட வேண்டும், அதனால் 'இன்' அங்கே 'இம்' ஆகிறது: இம்பாசிபிள், இம்பேலன்ஸ், இம்மெச்சூர். லகரத்துக்கு முன் 'இல்', இல்லீகல். ரகரத்துக்கு முன் 'இர்', இர்ரெகுலர். புணர்ச்சி விதி என்று பள்ளியில் பயந்து படித்தது இங்கே கைகொடுக்கிறது. 'அன்' மட்டும் எழுத்தில் எதற்கும் வளைந்துகொடுக்காது. அன்பாப்புலர், அன்லிமிடெட், அன்ரிசர்வ்டு என்று அப்படியே நிற்கும்.

எந்தச் சொல்லுக்கு 'அன்', எதற்கு 'இன்' என்பதற்கு முழுமையான விதி கிடையாது. லத்தீன் வழிச் சொற்கள் 'இன்' பக்கம் சாயும், அவ்வளவுதான். ஒரே குடும்பத்துக்குள்ளேயே மாறுவதும் உண்டு. 'அன்ஏபிள்', ஆனால் 'இன்எபிலிட்டி'. 'அன்ஈக்குவல்', ஆனால் 'இன்ஈக்குவாலிட்டி'. இதற்கு விதி தேட வேண்டாம், வாக்கியத்தோடு படித்துப் பழக வேண்டும். 'அன்' வினைச்சொல்லோடு சேர்ந்தால், செய்ததைத் திருப்பிப் பிரிப்பது என்று பொருள் மாறும். அன்லாக், அன்டூ, அன்ஃபாலோ எல்லாம் அந்த வகை. 'மிஸ்' மறுப்பே இல்லை, அது 'தப்பாக' என்பதைக் குறிக்கும். 'மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்' என்றால் புரியாமல் போவது அல்ல, தப்பாகப் புரிந்துகொள்வது.

முன்னொட்டுதானா என்று சந்தேகம் வந்தால் அதை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். 'இம்பார்ட்டன்ட்'டில் 'இம்' போனால் 'பார்ட்டன்ட்' என்று ஒரு சொல்லே இல்லை. 'இன்டெலிஜன்ட்'டும் அப்படித்தான். அங்கே மறுப்பைத் தேடக் கூடாது.

வெட்டிப் பார்த்தாலும் ஏமாற்றுகிற சொற்கள் சில இருக்கின்றன. இவற்றைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 'வேல்யுபிள்' மதிப்புள்ளது. 'இன்வேல்யுபிள்' மதிப்பில்லாதது என்று நினைத்தால் தலைகீழ். அது மதிப்பே போட முடியாத அளவுக்கு உயர்ந்தது. 'பிரைஸ்லெஸ்' என்பதும் அதே. இதில் வியக்க ஒன்றும் இல்லை, தமிழிலும் 'மதிப்பற்ற' என்றால் இழிவு, 'விலைமதிப்பற்ற' என்றால் உயர்வு. 'இன்ஃபேமஸ்' என்றால் புகழ் இல்லாதவர் அல்ல, கெட்ட பெயரால் ஊருக்கே தெரிந்தவர்.

பின்னொட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. கேர்ஃபுல், கேர்லெஸ் என்பவை நேர் எதிர். அதை நம்பி ஹெல்ப்ஃபுல், ஹெல்ப்லெஸ் என்று போனால் மாட்டிக்கொள்வோம். ஒரு மாணவர், வேலை செய்யும் இடத்தில் கருத்துப் படிவம் கொடுத்தார்கள் என்று, தன் மேற்பார்வையாளர் 'ஹெல்ப்லெஸ்' என்று எழுதிவிட்டார். உதவி செய்வதில்லை என்பது அவர் சொல்ல வந்தது. எழுதியது, அவர் நாதியற்றவர் என்று. படிவத்தைப் பார்த்தவர்கள் மாணவரை அழைத்து, மேற்பார்வையாளருக்கு ஏதாவது கஷ்டமா என்று அக்கறையாக விசாரித்திருக்கிறார்கள். உண்மையான குறை அப்படியே நின்றுவிட்டது. அவர் எழுதியிருக்க வேண்டியது 'அன்ஹெல்ப்ஃபுல்'.

இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது 'இன்ஃப்ளேமபிள்'. 'ஃப்ளேம்' என்றால் தீச்சுடர். முன்னால் 'இன்' இருப்பதைப் பார்த்து எரியாதது என்று எண்ணுவது முழுக்க இயற்கை. ஆனால் இந்த 'இன்' மறுப்பு 'இன்' அல்ல, 'உள்ளே' என்ற பொருள் தரும் வேறொரு லத்தீன் ஒட்டு. தீ மூட்டுவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. 'ஃப்ளேமபிள்', 'இன்ஃப்ளேமபிள்' இரண்டுக்கும் ஒரே பொருள், எளிதில் தீப்பற்றும். இந்தக் குழப்பம் உயிரை எடுக்கும் என்பதால்தான் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே 'இன்' இல்லாமல் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதும்படி வற்புறுத்தியது. நம் ஊர் டேங்கர் லாரிகளின் முதுகில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்ற எழுத்தை இன்றும் பார்க்கலாம். எரியாதது என்று சொல்ல வேண்டுமானால் 'நான்ஃப்ளேமபிள்'.

இதை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையில் ஒரு பெயின்டர் எழுந்து நின்றார். தின்னர் டின்னில் இந்தச் சொல் இருக்கிறதே என்றார். இருக்கிறது என்றேன். வேலைக்கு வாங்கி மிச்சமான தின்னரை வீட்டில் எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டேன். சாமி மாடத்துக்குக் கீழே, தட்டில். மேலே தினமும் சாயங்காலம் விளக்கு எரிகிறது. டின்னைப் படித்துப் பார்த்து, எரியாத பொருள்தானே என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அங்கே வைத்தாராம்.

வகுப்பு முடியும்வரை அவர் இருக்கவில்லை. வீட்டுக்குப் போன் செய்து விளக்கை ஏற்ற வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கிளம்பிவிட்டார். இரவு எனக்கும் போன் வந்தது. டின்கள் மூன்றையும் வெளித் திண்ணையில் நிழலான மூலையில் வைத்தாகிவிட்டது என்றார். ஒவ்வொரு மூடியின் மேலும் சிவப்பு பெயின்டால் 'தீப்பிடிக்கும்' என்று தமிழில் எழுதியிருக்கிறாராம்.