சாங்ஷன்: கடனுக்கு ஒப்புதல், நாட்டுக்குத் தடை, சாட்சி சொல்ல வராதவருக்கு என்ன?

"படிவில் கலந்துகொள்ளத் தவறிய வாதி மீது நீதிமன்றத் தடைகள்." அமெரிக்க விபத்து வழக்கு பற்றிய ஆங்கில வரி ஒன்றை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டால் இந்த மாதிரி ஏதாவது வந்து விழும். விசாரணைக்கு முன் நடக்கும் கேள்வி அமர்வுக்கு வராத வாதி மேல் நீதிமன்றம் எடுக்கும் நடவடிக்கை என்பதுதான் அந்த வரி சொல்லவந்தது. படிவு என்றால் ஆற்றில் தங்கும் வண்டல், தடை என்றால் ஈரான் மேல் போடுவது. இங்கே ஆறும் இல்லை, ஈரானும் இல்லை. டெபோசிஷன், சாங்ஷன் என்று இரண்டு சட்டச் சொற்கள்தான் இருக்கின்றன, இரண்டுக்குமே தமிழில் சரியான சொல் இன்னும் நிலைபெறவில்லை.

முதலில் டெபோசிஷன். அமெரிக்காவில் கார் மோதி அடிபட்டவர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டால், அது விசாரணைக்கு வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே எதிர்த்தரப்பு வக்கீல், பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனி அமர்த்தியவர், அவரை ஏதோ ஓர் அலுவலக அறையில் உட்காரவைத்து, உண்மை சொல்வதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு, கேள்வி கேட்பார். நீதிபதி அந்த அறையில் இருக்கமாட்டார். கோர்ட் ரிப்போர்ட்டர் என்று ஒருவர் உட்கார்ந்து பேசுவதையெல்லாம் சொல்லுக்குச் சொல் பதிவு செய்வார். விபத்து எப்படி நடந்தது, இதற்கு முன்னால் முதுகுவலி உண்டா, எந்த டாக்டரிடம் போனீர்கள், இப்போது என்னென்ன வேலை செய்ய முடியவில்லை என்று போகும் கேள்விகள். ஃபெடரல் நீதிமன்ற விதிப்படி ஒருவரை ஒரே நாளில் 7 மணி நேரம் வரை கேட்கலாம்; கலிஃபோர்னியா சட்டமும் பொதுவாக அதே 7 மணி நேரம்தான் சொல்கிறது. இன்றைக்குச் சொன்னதற்கு மாறாக நாளை ஜூரி முன்னால் ஏதாவது சொன்னால், இந்தப் பதிவை எடுத்து வாசித்துக்காட்டி மானத்தை வாங்கிவிடுவார்கள்.

லத்தீனில் 'தேபோனெரே' என்றால் கீழே வைப்பது. பாங்கில் பணத்தை வைப்பதும் (டெபாசிட்), அரசனை அரியணையிலிருந்து இறக்குவதும், வண்டல் படிவதும், சாட்சி தன் சொல்லைப் பதிவில் வைப்பதும் இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இயந்திரத்துக்குப் பிடிபட்டது வண்டல் கிளை.

தமிழில் இதை வழக்கமாக 'வாக்குமூலம்' என்று எழுதுகிறார்கள். அகராதிப்படி தப்பில்லை. ஆனால் வாக்குமூலம் என்றதும் நமக்கு ஸ்டேஷனும் இன்ஸ்பெக்டரும்தான் கண்முன் வருகிறார்கள்: ஒப்புதல் வாக்குமூலம், மரண வாக்குமூலம். அடிபட்டு நஷ்டஈடு கேட்பவர் வாக்குமூலம் கொடுத்தார் என்றால் அவர்தான் குற்றவாளி போல ஒலிக்கிறது. 'சாட்சியம்' என்று மட்டும் எழுதினால் கூண்டில் ஏறிச் சொல்வது என்றாகிவிடும். இந்திய நீதிமன்றங்களில் டெபோசிஷன் என்ற சொல் அந்தக் கூண்டுச் சாட்சியத்துக்குத்தான் பழகியிருக்கிறது, ஏனென்றால் வக்கீல் அலுவலகத்தில் வைத்து எதிர்த்தரப்பைக் குறுக்குக் கேள்வி கேட்கும் அமெரிக்க ஏற்பாடு இங்கே கிடையாது. கொஞ்சம் கிட்டே வருவது, நடமாட முடியாத சாட்சியின் வீட்டுக்கே அட்வகேட் கமிஷனரை அனுப்பிச் சாட்சியம் பதிவு செய்வது, அதுவும் நீதிமன்ற உத்தரவோடுதான். டொராண்டோ பக்கம் இருக்கும் நம்மாட்களுக்கு 'எக்ஸாமினேஷன் ஃபார் டிஸ்கவரி' என்றால் உடனே புரியும், ஒன்டாரியோவில் அதன் பெயர் அது. நான் 'முன்சாட்சியம்' என்று எழுதுவேன். விசாரணைக்கு முன் எடுப்பது, சாட்சியமாக நிற்பது, இரண்டும் அதில் இருக்கிறது.

சரி, இப்போது சாங்ஷன். இது இன்னும் வேடிக்கையான சொல். "லோன் சாங்ஷன் ஆயிடுச்சா?" என்று கேட்டால் கிடைத்துவிட்டதா என்று பொருள். ரஷ்யா மேல் சாங்ஷன் என்றால் கிடைக்காமல் செய்கிறார்கள் என்று பொருள். ஒரே சொல் எப்படி அனுமதியும் தண்டனையுமாக இருக்கிறது? லத்தீனில் 'ஸாங்கிரே' என்றால் ஒன்றைப் புனிதமாக்கி மீறமுடியாதபடி உறுதிசெய்வது. ஆங்கிலத்தில் புனிதரைக் குறிக்கும் 'செயின்ட்' இதன் உறவுச் சொல்தான். அப்படிச் சட்டத்தை உறுதிசெய்யும்போது, மீறினால் என்ன ஆகும் என்று சொல்லும் பகுதியையே ரோமானியர்கள் 'ஸாங்க்தியோ' என்றார்கள். ஆக உறுதிசெய்தல் என்ற பக்கம் வளர்ந்து பாங்க் மேனேஜரின் கையெழுத்தாக ஆனது, மீறினால் விளைவு என்ற பக்கம் வளர்ந்து நீதிபதியின் உத்தரவாக ஆனது. நாடுகள் மேல் போடும் சாங்ஷன் இரண்டாவது பக்கத்தின் பிள்ளை. 1935-இல் எத்தியோப்பியா மேல் படையெடுத்த இத்தாலி மீது சர்வதேச சங்கம் எடுத்த நடவடிக்கை அதற்குப் பேர்போன பழைய உதாரணம். அதைப் பத்திரிகைத் தமிழ் 'பொருளாதாரத் தடை' என்று எழுதிப் பழகியதால், நீதிமன்றச் சாங்ஷனையும் 'தடை' என்று போடும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. நீதிமன்றத் தடை என்றால் நமக்கு ஸ்டே ஆர்டர், இடைக்காலத் தடை. குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்.

முன்சாட்சியத்துக்கு வராவிட்டால் உண்மையில் என்ன நடக்கும்? அறையில் எல்லோரும் காத்திருப்பார்கள், கொஞ்ச நேரம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல், இன்ன தேதி இன்ன நேரம் இவர் வரவில்லை என்று கோர்ட் ரிப்போர்ட்டரிடம் பதிவு செய்து வைத்துக்கொள்வார். அப்புறம் நீதிமன்றத்தில் மனு. கலிஃபோர்னியா சட்டம் இதற்கான சாங்ஷன்களை ஐந்தாக வகுக்கிறது. பணம் கட்டச் சொல்வது முதல் வகை. அடுத்தது, வழக்கின் குறிப்பிட்ட ஒரு பிரச்சினையை எதிர்த்தரப்பு சொல்வதுபோலவே தீர்ந்ததாக எடுத்துக்கொள்வது: வராதவர் பிரதிவாதி என்றால், "தப்பு உன் மேல்தான், இனி எவ்வளவு தருவாய் என்று மட்டும் பேசுவோம்" என்கிற அளவுக்கு இது போகலாம். மூன்றாவது, சில ஆதாரங்களைத் தாக்கல் செய்யவே விடாதது. நான்காவதுதான் கடைசி ஆயுதம்: வாதியாக இருந்தால் வழக்கையே தள்ளுபடி செய்வது, பிரதிவாதியாக இருந்தால் அவரைக் கேட்காமலே தோற்றதாகத் தீர்ப்பெழுதுவது. ஐந்தாவது நீதிமன்ற அவமதிப்பு. வழக்கமாக ஏணிப்படியில் ஏறுவது போலத்தான் போவார்கள். முதல் தடவை "போய் ஆஜராகு, அவர்கள் செலவைக் கொடு". அந்த உத்தரவையும் மீறினால் மேல்படி.

ஃபெடரல் விதி இன்னும் கறார். அங்கே 37-ஆம் விதியின் ஈ பிரிவுப்படி, வழக்கில் தரப்பாக இருப்பவர் முறையான நோட்டீஸ் வந்தும் வராவிட்டால், முதலில் ஓர் உத்தரவு போட்டு அதை மீறும்வரை நீதிபதி காத்திருக்க வேண்டியதில்லை, நேராகவே கைவைக்கலாம். (ஈ என்பது நான் போட்டது, அவர்கள் எழுத்து வரிசையில் நான்காவது.) செலவைக் கட்டச் சொல்வதும் அங்கே கிட்டத்தட்ட கட்டாயம். வராததற்குத் தக்க நியாயம் இருக்கவேண்டும், அல்லது செலவு போடுவதே அநியாயம் என்று சூழ்நிலை காட்டவேண்டும், அப்போதுதான் விடுவார்கள். தப்பு வக்கீலுடையது என்றால் அவர் தலையிலும் கட்டலாம். இன்னொன்று, "என்னை இப்படிக் கேள்வி கேட்பதே நியாயமில்லை, அதனால் வரவில்லை" என்று பிற்பாடு சொல்வது செல்லாது. பாதுகாப்பு உத்தரவு, அதாவது அந்தக் கேள்விகளைத் தடுக்கவோ மட்டுப்படுத்தவோ செய்யும் உத்தரவு, கேட்டு முன்கூட்டியே மனு போட்டு அது நிலுவையில் இருந்திருக்க வேண்டும். பலர் விழுவது இந்தக் குழியில்தான்: வக்கீலுக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டு, சொல்லிவிட்டோமே என்று வீட்டில் இருந்துவிடுவது.

இப்படி வழக்கையே கொல்வதற்கு டெக்சஸ் வக்கீல்கள் வைத்திருக்கும் பெயர் 'டெத் பெனால்டி சாங்ஷன்', மரண தண்டனையேதான். அந்தப் பெயர் நிலைத்ததில் 1991-இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் தீர்த்த டிரான்ஸ்அமெரிக்கன் நேச்சுரல் காஸ் எதிர் பவல் என்ற வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு. காய வழக்கில்லை, எரிவாயுக் கம்பெனி தான் வாங்கிய குழாய்களுக்குப் பணம் தரவில்லை என்ற தகராறு. ஆனால் விவகாரம் அச்சாக இதுதான்: தேதி மாற்றுவதில் வக்கீல்களுக்குள் குளறுபடி, கம்பெனித் தலைவர் டெபோசிஷனுக்கு வரவில்லை, கீழ் நீதிமன்றம் கம்பெனியின் மொத்த வாதத்தையும் அடித்துவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. செய்த தவறுக்கும் கொடுக்கும் தண்டனைக்கும் நேரடித் தொடர்பு வேண்டும், தவறு வக்கீலுடையதா கட்சிக்காரருடையதா என்று பார்க்க வேண்டும், லேசான சாங்ஷன் போதுமா என்று முதலில் யோசிக்க வேண்டும் என்று சொன்னது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. கழுத்து எலும்பு நொறுங்கிக் கிடப்பவரின் வழக்கு அவர் வக்கீலின் காலண்டர் குழப்பத்தால் சாகக்கூடாது. அதே சமயம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976-இல் நேஷனல் ஹாக்கி லீக் வழக்கில், மாதக்கணக்கில் எழுத்துக் கேள்விகளுக்குப் பதில் தராமல் இழுத்தடித்தவர்களின் வழக்கைத் தள்ளியது சரிதான் என்றது; தண்டிக்க மட்டுமல்ல, மற்றவர்களுக்கும் பயம் வேண்டும் என்பது அங்கே சொன்ன காரணம்.

இதற்கெல்லாம் பொதுவாகத் தமிழில் என்ன சொல்வது? அபராதம் பொருந்தாது. அபராதம் அரசாங்கத்துக்குப் போகும். இங்கே கட்டும் பணம் வெட்டியாகக் காத்திருந்த எதிர்த்தரப்பின் வக்கீல் கூலிக்கும் ரிப்போர்ட்டர் கூலிக்கும் போகிறது. தண்டனை என்றால் குற்றவியல் வாடை, ஜெயில் ஞாபகம். என் தேர்வு 'ஒறுப்பு'. 'இன்னாசெய் தாரை ஒறுத்தல்' என்று குறள் தொடங்குவதால் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் வேர் தெரியும். குற்றம், சிறை என்ற சுமை இல்லாமல், தவறியவரை இடித்து வழிக்குக் கொண்டுவருவது என்ற பொருளும் அதில் நிற்கிறது. செலவு ஒறுப்பு, ஆதார ஒறுப்பு, வழக்குமுடிப்பு ஒறுப்பு என்று வகை பிரிக்கவும் வளைந்து கொடுக்கிறது. கடன் விஷயத்தில் ஒப்புதல், நாடுகள் விஷயத்தில் தடை, அதிகாரி மேல் ஊழல் வழக்குத் தொடரக் கேட்கும் சாங்ஷனுக்கு முன் அனுமதி, அவை அப்படியே இருக்கட்டும்.

வழக்கில் தரப்பாக இல்லாத வெறும் சாட்சிக்குக் கதை வேறு. விபத்தைப் பார்த்த கடைக்காரரை நோட்டீஸ் போட்டு மட்டும் கூப்பிட்டால் அவர் வரவேண்டிய கட்டாயமில்லை, சப்பீனா வேண்டும். லத்தீனில் 'தண்டனைக்கு உட்பட்டு' என்று பொருள், தமிழில் அழைப்பாணை. அவருக்கென்று தள்ளுபடி செய்ய வழக்கு எதுவும் இல்லை, எனவே அவமதிப்பு நடவடிக்கைதான் பிடி. கலிஃபோர்னியாவில் அதோடு 500 டாலரும், அவர் வராததால் ஏற்பட்ட நஷ்டமும் சேரும். அந்த 500-ம் அரசுக்குப் போவதில்லை, பாதிக்கப்பட்ட தரப்புக்குத்தான்.