கை வைக்காத பாகம்தான் முதலில் போகும்

கொழிஞ்சாம்பாறையில் பட்டறை வைத்திருப்பதால் இரண்டு மாநிலத்து வண்டிகளும் என்னிடம் வரும். பொள்ளாச்சிப் பசங்கள் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வருவார்கள், சித்தூர், பாலக்காட்டு ஆட்கள் இந்தப் பக்கமிருந்து வருவார்கள். பதிவெண்தான் வேறு, கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, சவுண்ட் வேணும், கொஞ்சம் பவர் ஏத்தணும், வண்டி தரையோட ஒட்டி நிக்கணும்."

செய்யலாம். ஆனால் ஸ்போர்ட்ஸ் காரில் எந்தப் பாகமும் தனியாக வேலை செய்வதில்லை. ஒன்றை மாற்றினால், நீங்கள் தொடாத வேறொன்று அந்தச் சுமையைச் சுமக்கும்.

ரீமேப்பை, அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியூவில் வேறு ஃபைல் எழுதுவதை, எடுத்துக்கொள்வோம். டர்போ வண்டியில் லேப்டாப்பை மாட்டி பூஸ்ட்டை (டர்போ தள்ளுகிற காற்றழுத்தத்தை) ஏற்றி, இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் அடிக்கிற நேரத்தை) முன்னுக்குத் தள்ளினால் பவர் வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பலர் வாங்கி ஏற்றுவது ஜெர்மனியில் கிடைக்கிற 98 ஆக்டேன் பெட்ரோலையும் அந்த ஊர்க் குளிரையும் நம்பி எழுதிய ஃபைல். அதே ஃபைலை நம்ம பங்க் பெட்ரோலில், பாலக்காட்டு ஏப்ரல் மாதத்து 40 டிகிரி வெயிலில் ஓட்டும்போது இன்ஜினுக்குள் போகிற காற்றே கொதித்துப் போய்த்தான் உள்ளே போகிறது, கலவை நேரத்துக்கு முன்பே வெடிக்கிறது, நாக் சென்சார் அதைப் பிடித்து டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பவர் அங்கேயே பாதி போய்விடும். சென்சார் சமாளிக்க முடியாத நாளில் பிஸ்டன் போகும். இன்ஜின் தாங்கினாலும் கியர்பாக்ஸ் தாங்க வேண்டுமே? ஃபோக்ஸ்வேகனின் ஏழு கியர் டிரை கிளட்ச் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தாங்குகிற டார்க், அதாவது சுழற்று விசைக்கு, வரம்பே 250 நியூட்டன் மீட்டர். ரீமேப் செய்பவர் இன்ஜின் டார்க்கைத்தான் பெருமையாகச் சொல்வார், கிளட்ச்சைப் பற்றிப் பேச மாட்டார். எந்த ஃபைல் ஏற்றினாலும் வண்டியை ஓட்டிப் பதிவு செய்த சென்சார் அளவுகளை, அதாவது லாக்கைக் கேளுங்கள். இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வைத்திருப்பவர்களுக்கு டயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பின்னால் அகலமாக இருந்தால் அழகு என்று பின் ரெண்டை மட்டும் வேறு சைஸில் போடுவார்கள். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரு சுற்றில் கடக்கிற தூரம் கம்பெனி வைத்த கணக்கிலிருந்து விலகினால், நேர் ரோட்டில் போகும்போதுகூட நடுவில் இருக்கும் கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடாகிக்கொண்டே இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் பவரைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் போன பிறகுதான் பில் எவ்வளவு என்று தெரியும்.

ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஷாக் அப்சார்பர் சாகும், டயர் உள்பக்கம் மட்டும் தேயும், நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கரில் ஆயில் சம்ப் உரசும். நான் செய்து தருவதில்லை, அவ்வளவுதான்.

பவர் ஏற்ற வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பிரேக் ஃப்ளூயிட் எப்போது மாற்றினீர்கள் என்று. முகத்தைச் சுளிப்பார்கள். 100-இல் போன வண்டி 140-இல் போனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய ரெட்டிப்பு. டாட் 4 ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அது 155 வரை இறங்கலாம். நெல்லியாம்பதி இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் உங்கள் எக்ஸாஸ்ட் சத்தம் உதவாது.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "ஆர்.டி.ஓ. எல்லாம் பார்த்துக்கலாம்" என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. பெயின்ட் நிறம் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு நேர் பைப் போட்டதை எந்த ஆர்.சி.யிலும் ஏற்ற முடியாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் இதையெல்லாம் எழுதுவார், கிளெய்ம் அங்கே சிக்கும். வேகமாக ஓட்டித்தான் தீருவேன் என்றால் கோவை செட்டிப்பாளையத்தில் கரி ரேஸ் ட்ராக் இருக்கிறது, கிட்டத்தட்ட பக்கத்து ஊர்.

இப்போது கொச்சியிலிருந்து பழைய போர்ஷே, முஸ்டாங், பிஎம்டபிள்யூ எம்2 வாங்கி வருகிறவர்கள் அதிகம். வாங்கும் முன் வண்டியைத் தூக்கி அடியில் பாருங்கள், இசியூவில் கம்பெனி ஃபைல்தான் இருக்கிறதா என்று படிக்கச் சொல்லுங்கள். விற்பதற்காகப் பழைய ஃபைலை ஏற்றியிருந்தாலும், எத்தனை முறை எழுதப்பட்டது என்கிற எண்ணிக்கை பல வண்டிகளில் உள்ளே நிற்கும். அப்புறம், நீங்களே மாற்றுகிறீர்கள் என்றால் கழற்றிய ஒரிஜினல் பாகங்களைப் பட்டறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். திரும்ப மாட்ட வேண்டி வரும்போது அவற்றைப் புதிதாக வாங்குகிற விலையில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கலாம்.