மைட்டாசிஸ்: மறைமுகப் பிரிவா, இழையுருப் பிரிவா?

கொங்கு நாட்டுப் பேருந்துகளில் ‘பிரிவு’ என்பது நிறுத்தத்தின் பெயர். பெருஞ்சாலை தன் போக்கில் தொடர, அதிலிருந்து ஊருக்குள் ஒரு சிறு சாலை கிளைக்கும் இடம். உயிரியல் பாடத்தின் செல் பிரிவு அவ்வகைப் பிரிவன்று. தாய் செல் அப்படியே நின்றுகொண்டு கிளை விடுவதில்லை. அதுவே இரண்டு சேய் செல்களாகிவிடுகிறது.

இப்பிரிவில் உட்கரு இரண்டாகும் முறையே மைட்டாசிஸ். ஜெர்மானிய அறிஞர் வால்தர் ஃபிளெமிங், பல்லி போன்ற நீர்நில வாழ்வியான சாலமண்டரின் இளவுயிரிச் செல்களுக்குச் சாயமேற்றிப் பார்த்து, 1882இல் வெளியிட்ட நூலில் இப்பெயரை இட்டார். ‘மிட்டோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு நூலிழை என்று பொருள். மரபுப் பண்புகளைத் தாங்கி உட்கருவில் இருக்கும் இழைகளுக்குக் குரோமோசோம் என்ற பெயரே 1888இல்தான் வந்தது; அதற்கு முன் அவர் கண்டவை வெறும் இழைகள், ஆகவே இழையின் பெயரையே வைத்தார்.

நம் பாடநூல்கள் இதனை ‘மறைமுகப் பிரிவு’ என்கின்றன. உட்கரு நேரடியாக இடுங்கி இரண்டாகும் ஏமைட்டாசிஸை ‘நேர்முகப் பிரிவு’ என்றதால், அதற்கு எதிராக அமைந்த பெயர் இது. ஆனால் நுண்ணோக்கியில் இத்தனை வெளிப்படையாகத் தெரியும் ஒன்றை மறைமுகம் என்பது எனக்குப் பொருந்தவில்லை. சின்ன வெங்காயத்தின் அடிப்பகுதி நீரைத் தொடுமாறு குப்பியின் வாயில் வைத்தால் சில நாட்களில் வெள்ளை வேர்கள் இறங்கும். நுனியை நறுக்கி, நீர்த்த அமிலத்தில் மென்மையாக்கி, அசிட்டோகார்மைன் சாயமேற்றி, கண்ணாடி வில்லையைக் கட்டைவிரலால் அழுத்தினால், சில செல்களில் சிவந்த இழைகள் நடுவரிசையில் நிற்பதையும், வேறு சிலவற்றில் இரு முனைகளுக்கு இழுபடுவதையும் காணலாம்.

இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் ‘இழையுருப் பிரிவு’ மூலச்சொல்லின் பொருளை அப்படியே தாங்குகிறது. பாவில் ஓர் இழை அறுந்தாலும் தறியை நிறுத்தி முடிச்சிடும் சென்னிமலை நெசவாளருக்கு இழை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. குரோமோசோம்களை முனைகளுக்கு இழுக்கும் அமைப்புக்கும் ‘கதிர் இழைகள்’ என்றுதான் பெயர். கோவை நூற்பாலைகளின் அளவைச் சொல்லப் பயன்படும், நூலைச் சுற்றும் அதே கதிர்.

இதற்கு இணையான மியாசிஸ், இனப்பெருக்கச் செல்கள் உருவாகும்போது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் பிரிவு. இப்பெயர், ‘குறைதல்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1905இல் பிரித்தானிய அறிஞர்கள் ஃபார்மரும் மூரும் அமைத்தது. தமிழகத்தில் குன்றல் பிரிவு, இலங்கையில் ஒடுக்கற்பிரிவு; குன்றுவது எண்ணிக்கை என்பதால் முன்னதே எனக்குத் தெளிவாகப் படுகிறது. வெங்காயத்தின் 16 குரோமோசோம்கள் இதில் 8 ஆகும்.

ஆனால் மஞ்சளில் இந்தக் குன்றல் தடுமாறுகிறது. அதன் 63 குரோமோசோம்கள், இருபத்தொன்று இருபத்தொன்றாக மூன்று தொகுதிகள். மூன்று தொகுதிகள் இரண்டிரண்டாக இணைசேர்ந்து சமமாகப் பிரிய வழியில்லாததால், பூத்தாலும் முளைக்கும் விதை பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதனால்தான் ஈரோட்டு உழவர் ‘விதை மஞ்சள்’ என்று நிழலில் மூடி வைத்துக் காப்பது கிழங்கை. அதிலிருந்து கிளைக்கும் ஒவ்வொரு விரலியும் இழையுருப் பிரிவால் மட்டுமே வளர்ந்து, தாயின் 63 இழைகளையும் அப்படியே கொண்டிருக்கிறது.