“இவ பண்ணுததைக் கேளுங்க, டாக்டர்”

காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு, எடை ஏறலை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற பெற்றோர் இந்த வரிசையில்தான் பேச ஆரம்பிப்பார்கள். மருந்துச் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பும்போதுதான் ஆச்சியோ அம்மாவோ, “இவ பண்ணுததைக் கேளுங்க, டாக்டர்” என்று சிரித்துக்கொண்டே ஒரு கதையை எடுத்து விடுவார்கள். வெளியே எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அவர்களை மறுபடி உட்காரவைத்து அந்தக் கதையை முழுசாகக் கேட்டுவிடுவேன். பிள்ளையின் நெஞ்சுச் சளியை ஸ்டெதஸ்கோப்பில் கேட்கலாம். மூளை எப்படி வளர்ந்துகொண்டிருக்கிறது என்று தெரிய இந்த மாதிரிக் கதைகள்தான் வேண்டும்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கூட்டுக்குடும்பம் ஒன்று. இரண்டரை வயதுப் பெண்குழந்தை தன் சொந்த அம்மாவை “சித்தி” என்று கூப்பிடுகிறாள். அப்பாவை “சித்தப்பா”. பெரியம்மாவைத்தான் “அம்மா” என்கிறாள். வீட்டில் பெரியப்பா பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். இவளுக்கு அவர்கள்தான் உலகம். அவர்கள் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்களோ, இவளும் அப்படியே கூப்பிடுகிறாள். கதையைச் சொன்ன ஆச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்தத் தாய் மட்டும் சிரிக்கவில்லை. “விசேஷத்துக்கு யாரு வந்தாலும் ‘உங்கம்மா யாருட்டி?’னு இவகிட்டக் கேட்டுக் கேட்டு எல்லாரும் சிரிக்காங்க. எனக்குத்தான் என்னவோ மாதிரி இருக்கு, டாக்டர்” என்றார்.

நான் அவரிடம் இரண்டு கேள்விதான் கேட்டேன். கீழே விழுந்தால் யாரிடம் ஓடி வருகிறாள்? ராத்திரி யார் பக்கத்தில் படுத்தால் தூங்குகிறாள்? “எங்கிட்டதான்.” தன் தாய் யார் என்பதில் அந்தக் குழந்தைக்குக் குழப்பமே இல்லை. “சித்தி” என்பதை அவள் தன் தாயின் பெயர் என்று நினைத்திருக்கிறாள், அவ்வளவுதான். ஒருத்திக்கு அம்மாவாக இருப்பவர் இன்னொருத்திக்குச் சித்தியாகவும் மூன்றாவது ஆளுக்கு மதினியாகவும் இருப்பார் என்பது ஒரு கணக்கு. அந்தக் கணக்கு பிடிபடச் சில வருடங்கள் ஆகும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே நூறு வருடங்களுக்கு முன்பே சின்னப் பிள்ளைகளிடம் இதைப் பரிசோதித்திருக்கிறார். நீங்களும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். நாலு வயது அண்ணனிடம் “உனக்குத் தம்பி இருக்கானா?” என்றால் “இருக்கான்” என்பான். “தம்பிக்கு அண்ணன் இருக்கானா?” என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு “இல்ல” என்பான்.

அந்தக் குடும்பத்துக்கு நான் சொன்னது சுலபமான காரியம். குழந்தையைத் திருத்த வேண்டாம், பெரியவர்கள் பேச்சை மாற்றுங்கள். “இத உன் அம்மாட்டக் குடு”, “உன் அப்பா வந்துட்டாங்க பாரு” என்று அவள் பக்கத்திலிருந்து பேசுங்கள். விருந்தாளிகள் முன்னால் வைத்துக் கேள்வி கேட்பதை நிறுத்துங்கள். அப்பாவை “என்னங்க” என்று கூப்பிடுகிற பிள்ளைகளுக்கும் இதே வைத்தியம்தான். அம்மா அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் அப்பாவின் பெயர் என்று அவர்கள் முடிவு கட்டியிருப்பார்கள்.

இன்னொரு வகைக் கதை வினைச்சொற்களைப் பற்றி வரும். “நேத்து ஆச்சி வீட்டுக்கு வருனேன்” என்கிறாள் மூன்று வயதுக்காரி. வீட்டில் யாருமே “வருனேன்” என்று சொல்வதில்லை. பிறகு எங்கிருந்து பிடித்தாள்? “வாங்குனேன்”, “தூங்குனேன்”, “பாடுனேன்” என்று காதில் விழுந்ததை எல்லாம் சேர்த்து, தமிழில் நடந்து முடிந்ததை இப்படித்தான் சொல்வார்கள் என்று அவளாகவே ஒரு விதி போட்டிருக்கிறாள். அந்த விதியை “வா”வுக்கும் பொருத்திப் பார்க்கிறாள். இலக்கணம் என்ற சொல்லே தெரியாத வயதில் இலக்கணத்தைக் கண்டுபிடிக்கிற இந்த வேலை எனக்கு இன்றைக்கும் பெரிய அதிசயம். “தப்பு, ஒழுங்காச் சொல்லு” என்று மடக்காதீர்கள். “ஆமா, நேத்து நீ ஆச்சி வீட்டுக்கு வந்தே, அங்க என்ன பாத்தே?” என்று சரியான சொல்லைப் போட்டுப் பேச்சைத் தொடருங்கள். போதும்.

“ரயில்” “லயில்” ஆவதும், “காக்கா” “தாத்தா” ஆகி உண்மையான தாத்தா திரும்பிப் பார்ப்பதும் இந்த வயதில் சாதாரணம். மூன்று வயதில், பழக்கமில்லாத ஒருவருக்கும் பிள்ளையின் பேச்சில் முக்கால்வாசி விளங்க வேண்டும். நாலு வயதில் ஏறக்குறைய எல்லாமே விளங்க வேண்டும். பேச்சுத் தெளியட்டும் என்று வசம்பை உரசி நாக்கில் தடவ வேண்டாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் தடவவே கூடாது. பொட்டுலிசம் என்கிற ஆபத்தான நோயை உண்டாக்கும் கிருமி அதில் இருக்கக்கூடும்.

ஒரு தோசை போதாது, இரண்டு வேண்டும் என்று அடம்பிடிக்கிறவனுக்கு அதே தோசையை இரண்டாகக் கிழித்துப் போட்டால் சமாதானமாகிவிடுவான். அளவு மாறவில்லை என்பது ஆறேழு வயதில்தான் உறைக்கும். கண்ணாமூச்சியில் தன் கண்ணைப் பொத்திக்கொண்டு நடுக்கூடத்தில் “ஒளிந்து” நிற்பதும் இதே ரகம்தான். இவற்றையெல்லாம் ரசியுங்கள், கூடவே விளையாடுங்கள்.

பொய்யைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குத்தான் வீடுகளில் அடி விழுகிறது. கையில் கிரேயான், சுவர் முழுக்கக் கிறுக்கல். “யாரு கிறுக்கினது?” என்று அப்பா கேட்க, மூன்று வயதுப் பையன் மேலே நிமிர்ந்து பார்த்து “பல்லி” என்கிறான். அப்பாவுக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ‘இப்பவே இவ்வளவு பொய்யா’ என்று பயம். நான் பார்த்தவரை அந்தப் பயத்துக்கு அவசியம் இல்லை. தன் மனதில் இருப்பது அடுத்தவர் மனதில் இருக்காது என்பது பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிய நாலு வயதாவது ஆக வேண்டும். பல்லியைக் கைகாட்டும் பையன் அந்தப் புரிதலின் வாசற்படியில் நிற்கிறான். பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டு அவனைப் பொய்க்குள் தள்ளாமல், “சுவத்துல கிறுக்கியிருக்கு, வா துடைப்போம்” என்று துணியைக் கையில் கொடுங்கள்.

இனி, சிரிக்கக் கூடாத இடம் ஒன்று.

மூன்றரை வயதுப் பையன் ஒருவன், “அம்மா அம்மா அம்மா நான் நான் நான்” என்று சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டில் அத்தைமாருக்கு அது வேடிக்கை. அவனைப் போலவே பேசிக் காட்டி, வீடியோ எடுத்து, குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறார்கள். கொஞ்ச நாளில், ஆள் வந்தால் வாயைக் கையால் பொத்திக்கொள்ள ஆரம்பித்துவிட்டான். என் முன்னாலும் அப்படியே உட்கார்ந்திருந்தான். சொல்ல வருவது வாயை முந்திக்கொண்டு ஓடுகிற இந்த வயதில், அதாவது இரண்டிலிருந்து ஐந்துக்குள், பல பிள்ளைகளுக்கு இப்படித் தடங்கல் வரும். பெரும்பாலும் தானாகப் போய்விடும். “மெதுவாச் சொல்லு” என்று சொல்வதுகூட வேண்டாம். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவன் முடிக்கும்வரை காத்திருங்கள். உங்கள் பேச்சை நிதானமாக்குங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, பேசும்போது முகம் இறுகினாலோ, குடும்பத்தில் திக்குவாய் இருந்தாலோ பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

குழந்தைக்கு என்ன தெரியப் போகிறது என்று நினைப்பவர்கள் அதிகம். ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று பிள்ளை அறிந்துகொள்கிறது. அதை ஒட்டியே வெட்கமும் கூச்சமும் வந்துவிடுகின்றன. அம்மணமாக ஓடுவதையும் அழுது புரள்வதையும் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் வைக்க வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

இன்னொரு குடும்பத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு வயதுப் பையன். “ரொம்ப சமத்து டாக்டர், போனைக் குடுத்தா சத்தமே இருக்காது” என்றார்கள். “இவன் பண்ணுற வேடிக்கை ஏதாவது சொல்லுங்க” என்றேன். அம்மா அப்பாவைப் பார்த்தார், அப்பா ஆச்சியைப் பார்த்தார். யாரிடமும் ஒரு கதையும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. “இவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசினான்” என்றார் ஆச்சி. அப்பன் தாமதமாகப் பேசினார் என்பதற்காக மகனுக்குப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. முதலில் காது கேட்கும் பரிசோதனைக்கு அனுப்பினேன். இரண்டு காதிலும் செவித்திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. காது கேட்காத பிள்ளையைத்தான் அதுவரை சமத்து என்று நினைத்திருக்கிறார்கள்.

ஒரு வயது முடிந்தும் மழலைச் சத்தங்கள் இல்லை, விரல் நீட்டிக் காட்டுவதில்லை, டாட்டா காட்டுவதில்லை; 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை; இரண்டு வயதில் “பால் வேணும்” மாதிரி இரண்டு சொல் சேர்த்து, அதுவும் தானாக, பேசவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் வாருங்கள். வந்த பேச்சு நின்றுபோனால், அது எந்த வயதானாலும், உடனே வர வேண்டும். ஆர்.பி.எஸ்.கே. என்கிற அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் 2013 முதல் அங்கன்வாடிகளுக்கே மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். மேற்கொண்டு பார்க்க மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, அங்கே பணம் கட்ட வேண்டியதில்லை. காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது அறுவைசிகிச்சை செய்து காதில் பொருத்தும் கேட்கும் கருவி, தேவைப்படுகிற சின்னப் பிள்ளைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வழி உண்டு.

சோறு ஊட்டும்போது கையில் போனைக் கொடுத்துவிட்டால், இந்த வேடிக்கைகள் நடக்கவே நேரம் இருக்காது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஜன்னலோரம் காக்காவைக் காட்டி ஊட்டுவது கூடுதல் வேலைதான், தெரியும். ஆனால் “தாத்தா வா வா” என்று பிள்ளை காக்காவைக் கூப்பிடுவது அப்போதுதான் கேட்கும்.

அடுத்த முறை தடுப்பூசிக்கு வரும்போது, எடை எழுதுகிற அட்டையோடு இந்தக் கதைகளையும் எழுதிக்கொண்டு வாருங்கள். என்ன சொன்னான், என்றைக்குச் சொன்னான் என்று ஒரு வரி போதும். பேச்சில் சந்தேகம் இருந்தால், அவன் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்கும்போது எடுத்த ஒரு நிமிட வீடியோ எனக்கு உதவும். அதை எனக்கு மட்டும் காட்டினால் போதும். என் அறையில் வைத்து “டாக்டர் மாமாக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு” என்று அவனை நிற்கவைக்க வேண்டாம்.